லேஸ் கடையில் நான் விற்காமல் காப்பாற்றியவை

பழைய லேஸ் விற்கிற தொழிலில் முதலில் பழக வேண்டிய வித்தை, வந்த ஆளைச் சிரித்த முகத்தோடு வெறுங்கையாகத் திருப்பி அனுப்புவது. ஜவுளிக் கடையில் நின்றவர்களே, வளையல் கடையில் உட்கார்ந்தவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். காலையிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டிய பிறகு "அப்புறமா வர்றனுங்க" என்று ஒருவர் எழுந்து போனால் உங்களுக்கு வயிறு எரியும். எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டால்தான் மதியச் சோறு இறங்கும்.

எழுபதுகளின் கடைசியில், ஏற்காடு ஏரியிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் டாரிஸ் அம்மாவின் பங்களா இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் துரைசானி. ஆனால் ஆங்கிலோ இந்தியரான அவர் பிறந்தது, எஸ்டேட் மேனேஜரைக் கட்டியது, அவரைப் புதைத்தது எல்லாம் இந்த மலையில்தான். சேலத்தில் பிறந்த என்னைவிட வாய் நிறைய "நொம்ப" சொல்வார். அவரிடம் ஒரு பெரிய தேக்குப் பெட்டி நிறைய லேஸ் இருந்தது. மேசை விரிப்பு, சட்டைக் காலர், குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் போடுகிற அங்கி, கல்யாணப் பெண்ணின் முக்காடு. அத்தனையும் கையால் பின்னியது. அதில் ரொம்பச் சின்ன வயதுத் துணிக்கும் டாரிஸ் அம்மாவை விட வயது அதிகம்.

ஒரே மகன் நெவில் ஆஸ்திரேலியாவில் இருந்தார். அம்மா தனியாகக் கிடக்க வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள் என்று ஓயாமல் கூப்பிட்டார். "பெட்டியில இருக்கிறதெல்லாம் நல்ல கைக்குப் போய்ச் சேரட்டும். பெட்டி காலியான அன்னைக்கு வர்றேன்" என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். மகன் காரியக்காரர். லீவில் வந்தபோது பங்களாவின் முன்னறையைக் கடையாக்கி, போர்டு மாட்டி, விற்பதற்கு என்னை வேலைக்கு வைத்துவிட்டுப் போனார். சேலம் ஜவுளிக் கடை ஒன்றில் நின்று, போர்வை கேட்டு வந்தவருக்குப் பட்டு வேட்டி கட்டி அனுப்பிப் பேர் வாங்கியவள் நான். கல்யாணமாகி நாகலூருக்கு வந்து, வாய்க்கு வேலை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

முதல் போணி

கடை திறந்து அதிக நாள் ஆகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றார். சும்மா பார்க்க வந்தவரை என்னிடம் விடலாமா? நீளமான ஒரு மேசை விரிப்பை எடுத்து நாற்காலியில் போட்டேன், ஜன்னலில் போட்டேன், கடைசியில் அங்கே இருந்த ரேடியோவின் மேல் போட்டேன். ரேடியோ மேல் அது அமர்ந்த அழகில் டாக்டரம்மா மயங்கிப்போனார். சும்மா பார்க்க வந்தவர் இரண்டு விரிப்பாக வாங்கிக்கொண்டு போனார்.

வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினேன். டாரிஸ் அம்மா மூலையில் தன் திண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். லேஸ் பின்னுவதற்கென்றே இருக்கிற கெட்டியான திண்டு அது. அதன் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். எப்போதும் கடகடவென்று பேசுகிற அந்தக் குச்சிகள் அன்று ஊமையாக இருந்தன. அம்மா மதியம் சாப்பிடவும் இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். சாயங்காலம்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஆஸ்திரேலியா போக இஷ்டமே இல்லை. வரமாட்டேன் என்று சொன்னால் மகன் மனசு உடைந்துவிடும். அதனால் பழியைப் பெட்டியின் மேல் போட்டிருக்கிறார். பெட்டி காலியாகாத வரைக்கும் அவருக்கு ஏற்காடு. எனக்கு ஐயோ என்றாகிவிட்டது. மகன் கொடுக்கிற சம்பளத்தில் அம்மாவை நாடு கடத்தும் வேலையையல்லவா பார்த்திருக்கிறேன்!

"நல்லா வித்தே கண்ணு, நொம்ப நல்லா வித்தே. இதே மாதிரி இன்னும் பத்துப் பேரு வந்தாங்கன்னா, என்னை ஏரோப்ளேன்ல ஏத்திட்டு நீயே கைகாட்டிட்டு வந்துரு."

ஓட்டைக்கு விலை

அன்றிலிருந்து கட்சி மாறினேன். விற்கத் தெரிந்தவளுக்கு விற்காமல் இருக்கத் தெரியாதா என்ன? ஆனால் சிலருக்கு என் உதவியே தேவைப்படவில்லை. மே மாத சீசனில் சேலத்து வெல்ல மண்டிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ஒரு விரிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாகத் தன் குடும்பம் முழுவதையும் ஒரு முறை பார்த்தார். "ஏனுங்க, இத்தனை ஓட்டை இருக்குதே, பூச்சி அடிச்சிருக்குதுங்களா?" என்றார்.

டாரிஸ் அம்மாவுக்கு லேஸைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் போதும், வந்தவர் பகையாளி என்பதே மறந்துவிடும். திண்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்துப் பாடமே எடுத்தார். துணி நெய்கிறவன் இடைவெளி விழாமல் நெய்ய வேண்டும், லேஸ் பின்னுகிறவள் இடைவெளியை வைத்துத்தான் பூ போட வேண்டும். எந்த ஓட்டை எவ்வளவு பெரிசு, எது எதற்குப் பக்கத்தில் என்பதில்தான் வேலையே இருக்கிறது. நூல் அந்த ஓட்டைகளைக் கலையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். இந்த உள்ளங்கை அகலத்தைப் பின்ன ஒருத்திக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிருக்கும் என்றார். மண்டிக்காரர் கவனமாகக் கேட்டார். கேட்டதை எல்லாம் மனதில் எடை போட்டார். பிறகு விரிப்பை மடித்துப் பத்திரமாக என் கையில் கொடுத்தார்.

"அப்ப ஓட்டைக்குத்தான் விலைங்கறீங்க. நூலு இனாமுங்களா?"

கொசு கடித்த இடம்

வாங்க வருகிறவர்களைச் சமாளிப்பது சுலபம். டாரிஸ் அம்மாவின் இளகின மனதைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. புதிதாகக் கல்யாணமான நாமக்கல் ஜோடி ஒன்று வந்தது. அந்தப் பெண் எதையும் விலை கேட்கவில்லை. ஒரு முக்காட்டை எடுத்து, விரலால் தடவிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க மட்டும் பூவு கொஞ்சம் கோணலா இருக்குதுங்களே?" என்றாள். கோணலைக் கண்டுபிடிக்கிற ஆள் பக்கம் அம்மா சாய்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

சாய்ந்தேவிட்டார். "மெஷினு பண்ணுனா எல்லாப் பூவும் ஒண்ணு போலத்தான் கண்ணு இருக்கும். கையில பண்ணுனா அன்னன்னைக்கு மனசு எப்புடியோ அப்புடி. இங்க பாரு, இவளுக்குக் கொசு கடிச்சிருக்குது. இந்த மூலையில யாரோ நல்ல சேதி சொல்லியிருக்காங்க, நூலு எவ்வளவு இளக்கமா ஓடுது பாரு" என்று முக்காட்டைக் கடுதாசி படிப்பது போலப் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. "புடிச்சிருந்தா சும்மாவே எடுத்துட்டுப் போ சாமி" என்று அந்தப் பெண்ணின் தலையில் போட்டும் விட்டார். அந்த வெளிச்சத்தில் அவள் அவ்வளவு அழகாக இருந்தாள் என்பது உண்மைதான். அதற்காகப் பெட்டியை இறைக்க முடியுமா?

நான் குறுக்கே புகுந்தேன். "எடுத்துட்டுப் போங்க கண்ணு, ஆனா பக்குவம் தெரிஞ்சுக்குங்க" என்று ஆரம்பித்தேன். வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணியும் ஆகாது, வெதுவெதுப்பாக வேண்டும். சோப்பைத் தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது, கொடியில் தொங்கவிடக் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பலகையில் பரப்பி, ஒவ்வொரு பூவையும் குண்டூசியால் இழுத்து நிறுத்திக் காய வைக்க வேண்டும். மடித்த இடத்திலேயே மறுபடி மடிக்கக் கூடாது. மாதம் ஒரு முறை எடுத்துக் காற்றாட விட வேண்டும். இதில் ஒன்று கூடப் பொய் இல்லை. கொஞ்சம் மூச்சு விடாமல் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பெண் முக்காட்டை மெல்லத் தலையிலிருந்து எடுத்தாள்.

"ஏனுங்க்கா, இதை வளத்தறதுக்குப் பேசாம ஒரு கொழந்தையப் பெத்துக்கலாமுங்களே!"

தேன் வடிதுணி

மாரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, சாமை எல்லாம் போடுகிறவர். மஞ்சப்பையிலிருந்து பிசுபிசுவென்று பழுப்பாக ஒரு துணியை எடுத்து, "இது மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களா? இது ஒண்ணுதான் இருக்குது, பத்த மாட்டேங்குது" என்றார். டாரிஸ் அம்மா அதை வாங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். தண்ணீர் பழுப்பாகப் பழுப்பாகத் துணி வெளுத்தது. பெரணி இலைகள் சுற்றி வர, நடுவில் நட்சத்திரமாகப் பின்னிய ஒரு வட்டம் மெதுவாக மேலே வந்தது. எங்கள் பெட்டியில் அவ்வளவு மெல்லிய நூலில் ஒன்றும் கிடையாது.

துரைகள் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன காலத்தில் எல்லாவற்றையுமா கப்பலில் ஏற்றியிருப்பார்கள்? சமைத்தவர், பிள்ளை பார்த்தவர், பால் ஊற்றியவர் என்று ஆளுக்கு ஒன்றாகக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது இவர் வீட்டுக்காரி பங்களாவுக்குப் பால் ஊற்றியதற்குக் கிடைத்தது. அதில் அவர்கள் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். விசாரித்துப் பார்த்தால் மலை முழுக்க இதே கதைதான். தலைச்சோலையில் ஒரு வீட்டில் தூளிக்கு விளிம்பு, இன்னொரு வீட்டில் சாமி படத்துக்குத் திரை, எங்கள் நாகலூரிலேயே ஒரு வீட்டில் தயிர்ப் பானைக்கு மூடி. டாரிஸ் அம்மா கெஞ்சினார். வடிகட்டப் புதுத் துணி தருகிறேன், சல்லடை தருகிறேன், என்ன வேண்டுமோ கேளுங்கள், இது மேசை மேல் விரித்து நாலு பேர் பார்க்க வேண்டிய பொருள் என்றார். விவசாயி ஈரத் துணியைப் பையில் போட்டுக்கொண்டே மரியாதையாகச் சிரித்தார்.

"மேசை இருக்கிறவங்க மேசை மேல போடுவாங்க. எங்கூட்ல தேனுதானுங்க இருக்குது."

பீபெரி வாசம்

ஒரு நாள் காரில் ஒருவர் வந்து இறங்கினார். மெட்ராஸ்காரர், பழைய சாமான் வியாபாரி, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. நெவில் சொல்லி அனுப்பியதாகவும், பெட்டியை அப்படியே மொத்தமாக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மேலோட்டமாகப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நாளைக் காலையில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் ஓட்டைப் பேச்சு, பக்குவப் பேச்சு எதுவும் அவரிடம் எடுபடாது. அவருக்கு எல்லாம் தெரியும்.

எல்லாம் தெரிந்தவரை அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் பாவாடைக்காக சேலம் கடைவீதியில் வாங்கிய மெஷின் லேஸ் இருந்தது. அதைக் காப்பி டிகாஷனில் முக்கி எடுத்தால் நூறு வருஷத்துப் பழுப்பு வந்துவிடும். போலியை அவர் கண்டுபிடிப்பார், மற்றதன் மேலும் சந்தேகம் வந்துவிடும், போய்விடுவார். டாரிஸ் அம்மா இந்த மோசடிக்கு உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் நான் சிக்கரி கலந்த தூள் டப்பாவை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டில் ஏமாற்றினாலும் நல்ல காப்பியில்தான் ஏமாற்ற வேண்டும் என்று, தனக்கென்று வைத்திருந்த பீபெரி என்கிற உருண்டைக் காப்பிக்கொட்டையை அப்போதே வறுத்து, அரைத்து, கெட்டியாக டிகாஷன் இறக்கினார்.

மறுநாள் மெட்ராஸ்காரர் பெட்டியில் நாங்கள் மேலாக வைத்திருந்த அந்தத் துணியை எடுத்தார், பூதக்கண்ணாடியை வைத்தார். எல்லாப் பூவும் ஒன்று போல இருந்தன. முகம் சுருங்கியது. மூக்கருகில் கொண்டுபோனார். முகம் இன்னும் சுருங்கியது. என்னம்மா இது என்று அவர் எழுந்தபோது, எழுந்த விருந்தாளிக்குக் கொடுப்பதற்கென்று டாரிஸ் அம்மா ஒரு கப் காப்பியோடு வந்து நின்றார். குடித்தார். இன்னொரு கப் கேட்டார். பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினவர் வாசல்படியில் நின்று திரும்பினார்.

"லேஸ் வேண்டாம்மா, அது எப்படியோ போகட்டும். அந்தத் துணியை எதில் முக்கினீங்களோ, அந்தத் தூள் எங்கே கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

மகன் கடைக்கு வந்தார்

மெட்ராஸ்காரர் என்ன சொன்னாரோ, அடுத்த சீசனுக்கு நெவிலே வந்துவிட்டார். டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்து வந்திருந்தார், அம்மாவுக்கும் ஒன்று. தாயும் மகனும் தங்களுக்குள் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்கு "எப்போது" என்ற ஒரு வார்த்தை மட்டும் நன்றாகப் புரியும், அவ்வளவு தரம் அவர் கேட்டிருக்கிறார். அவரே கடையில் நின்றார். என்ன சொல்ல, விற்பனையில் அவர் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். டூரிஸ்டுகளை ரோட்டுக்கே போய்ச் சிரித்துக் கூட்டி வந்தார். பெட்டியின் அடிப்பலகை தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் டாரிஸ் அம்மா தன் திண்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போய்விடக் கூடாது என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் நாகலூர் பஸ்ஸில் ஏறினேன். ஒன்றே ஒன்றுதான் செய்தேன். கண்டக்டருக்குக் கேட்கிற மாதிரி பக்கத்து சீட்டுக்காரியிடம், "துரைசானி கடையை மூடறாங்களாமா. ஊட்ல பழைய லேஸ் வெச்சிருக்கிறவங்க இந்த வாரத்துக்குள்ள கொண்டாந்து குடுத்தா, மகனு நல்லபடியா வித்துக் குடுப்பாராமா" என்றேன். மீதியைக் கண்டக்டர் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பங்களா வாசலில் கூட்டம். தூளி விளிம்பு வந்தது, சாமித் திரை வந்தது, தயிர்ப் பானை மூடி தயிரோடே வந்தது. வந்தவர்கள் எல்லாம் நெவிலைச் சின்னப் பையனாகத் தூக்கி வளர்த்தவர்கள். "என்ன சாமி இப்புடி எளச்சுட்டே" என்று கன்னத்தைத் தடவுகிறவர்களிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? வாங்கி வாங்கி வைத்தார். அவர் ஒன்று விற்றால் பின்வாசல் வழியாக நாலு வந்தது. டாரிஸ் அம்மா ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, இது யார் கை, இது எந்தப் பங்களா என்று பார்த்துப் பார்த்துப் பூரித்தார். குண்டூசிகள் டப்பாவிலிருந்து மறுபடி திண்டுக்கு ஏறின. பெட்டி நிறைந்தது, அப்புறம் காப்பிப் பழம் பறிக்கிற கூடைகளும் நிறைந்தன. நெவிலின் லீவு முடிய வந்தது. கூடைகளுக்கு நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டவர் என்னைக் கேட்டார்.

"நெசத்தைச் சொல்லு ராஜாமணி, இந்த மலையில காப்பிச் செடியில லேஸும் காய்க்குதா?"

புறப்படுகிற நாள்

ஜீப் வந்து நின்றுவிட்டது. நெவிலின் பெட்டி ஏறிவிட்டது. அம்மா பெட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நெவில் உள்ளே போய் ஊரார் கொண்டு வந்த துணிகளையும், அவற்றைப் பலகையில் இழுத்துக் குத்திக்கொண்டிருந்த அம்மாவையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார். "மம்மி, உங்களுக்கு எங்கூட வர்றதுக்கு இஷ்டந்தானா?"

டாரிஸ் அம்மாவின் கை நின்றது. "எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்கன்னு வருசக் கணக்கா கேட்டே. இஷ்டமான்னு இன்னைக்குத்தான் சாமி கேக்கறே. எனக்கு இஷ்டமில்ல. உன்மேல கோவமில்ல, உன்னை நெனைக்காத நாளில்ல. ஆனா எனக்கு இஷ்டமில்ல" என்றார். இதைச் சொல்ல அவர் ஒரு பெட்டி லேஸுக்குப் பின்னால் அத்தனை காலம் ஒளிந்திருந்தார். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்பதால், ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்று நான் தனியாக அழுதேன்.

நெவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். வேலை போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு, "நான் போய்ட்டு வர்றனுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெட்ராஸ்காரர் மூக்கில் ஏறிய பீபெரியிலிருந்து நாகலூர் பஸ் வரைக்கும் எல்லாமே அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

"எங்கே போறே? சம்பளம் மாசாமாசம் வரும். ஒண்ணையும் வித்துத் தொலைச்சராதே."

விற்கச் சொல்லி வைத்தவரே விற்காதே என்று சம்பளம் கொடுத்த அந்தக் கடையில், அதற்குப் பிறகு எனக்கிருந்த ஒரே தொழில் கஷ்டம், வாங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் மட்டும்தான்.